கரைக்கச் சொன்ன உப்பு

என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதில் பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார், அவ்வளவுதான். மீதி வழியில் எங்கேயோ சிந்திவிடும். மல்லி வாங்கி வாருங்கள் என்றால் மல்லிகைப்பூவோடு வந்து நின்று பல்லைக் காட்டுகிற மனுஷன். கல்யாணமான புதிதில் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கெல்லாம் சேர்த்து ஒரு ஐப்பசி மாதத்தில் அழுதேன்.

அது யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்துக்கு ஷெட் கட்டுகிற இடத்தில் அவருக்குக் கொத்தனார் வேலை. திங்கட்கிழமை விடிவதற்குள் கிளம்பினால் சனிக்கிழமை பொழுது சாய்ந்துதான் வருவார். திருவேற்காட்டு வீட்டில் நானும் என் மாமியார் துலுக்கானமும்தான். எனக்கு வயது இருபத்து நாலு. வயிற்றில் இருந்தது நாலாவது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. முதலாவது மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். மூன்றாவது எட்டு மாதம் வரைக்கும் வந்து, தலை நிறைய முடியோடு முழு ஆண்பிள்ளையாய், மூச்சில்லாமல் பிறந்தது. நல்லா கீது, நல்லா கீது என்று இரண்டு நாள் என்னிடம் சொல்லிக்கொண்டே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். கேட்டால், பச்சை உடம்புக்காரியிடம் எப்படிச் சொல்வது என்றார்கள்.

பிள்ளை பெற அம்மா வீட்டுக்குப் போவதுதான் முறை. என் அம்மா வீடு இருந்த இடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. அவள் வெள்ளானூரில் தன் தம்பி வீட்டு மாட்டுக்கொட்டகையில் பாதியைத் தடுத்துக் குடியிருந்தாள். "மாடு படுக்கவே எடம் பத்தலமே, உன்ன எங்க படுக்க வெப்பேன்?" என்று மூக்கைச் சிந்தினாள். ஆகவே இந்தத் தடவை எல்லாம் மாமியார் கைதான் என்று ஆயிற்று.

முதல் நாலு மாதம் நான் மனுஷியாகவே இல்லை. சோறு கொதிக்கிற வாசனை ஆகாது. எண்ணெய் ஆகாது. வீட்டுக்காரர் சட்டையில் வரும் சிமெண்டு வாசனை ஆகாது. தண்ணீர் குடித்தால் தண்ணீர் திரும்பி வரும், குடிக்காவிட்டால் பச்சையாய்ப் பித்தம் வரும். எல்லாரும் தூங்கப் போன பிறகு சுவரில் காரையைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொள்வேன், அது ஒன்றுதான் தங்கியது. கண் குழி விழுந்து, கழுத்தெலும்பு தெரிந்து, இது நிற்காது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் காலையில் எழுந்தேன், பசித்தது. அப்படி ஒரு பசியை நான் அதற்கு முன் கண்டதில்லை. பழையதும் பச்சை மிளகாயும் மூன்று தட்டு தின்றேன். அன்றிலிருந்து இரண்டரை மாதம் நான் ராணி. முடி கொத்தாய் வளர்ந்தது. முகத்தில் மினுமினுப்பு. கிணற்றடியில் மற்றப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே அது துள்ள ஆரம்பித்தது. விடிந்ததும் ஒரு ஆட்டம், மாலையில் கோயில் மேளம் கேட்டால் ஒரு ஆட்டம். எனக்கு ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மணிக்கணக்காய் உட்கார்ந்திருப்பேன். கேட்காத தெய்வம் இல்லை, இதை மட்டும் கொடுத்துவிடு என்று.

எட்டாம் மாதம் பிறந்தபோது மெட்டி விரலைக் கடித்தது. பார்த்தேன். கால் இரண்டும் உலக்கை மாதிரி பருத்திருந்தன. மூன்றாவதற்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் துலுக்கானம் பார்த்துவிட்டாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வாயெல்லாம் பல்.

"கால் வீங்கினுகீது! ஆம்பளப் புள்ளதாமே, சந்தேகமே இல்ல."

"போன தபாவும் வீங்குச்சு அத்தே."

"அது இன்னா, பொண்ணாவா பொறந்துது? ஆம்பளப் புள்ளதானே?"

இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல ஐக்கோர்ட் வக்கீலாலும் முடியாது.

ஆறு வருஷமாய் என் தட்டில் குழம்பைக் கரண்டியால் அளந்து ஊற்றியவள் அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டாள். அரிசி கிடைக்காத காலத்தில் எங்கேயோ அலைந்து நல்லரிசி வாங்கி வந்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மோர் மிளகாய் வறுத்தாள். உப்பில் ஊறிய நார்த்தங்காயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். "சாப்டு, சாப்டு, புள்ளக்கித் தெம்பு வேணும்" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொள்வாள். எனக்கும் நாக்கு அதைத்தான் கேட்டது. மாமியார் கையால் ஆசையாய் ஒரு வாய் சோறு கிடைப்பதன் அருமை கிடைக்காதவளுக்குத்தான் தெரியும். கருவாட்டின் தலையைக் கூட விடாமல் சப்பித் தின்றேன்.

பத்து நாளில் வீக்கம் முழங்காலைத் தாண்டியது. கை விரல்களை மடக்க முடியவில்லை. வளையல் சதைக்குள் புதைந்தது. பிறகு தலைவலி. உச்சியில் ஆணி அடித்த மாதிரி, இரவும் பகலும். குனிந்து நிமிர்ந்தால் கண்ணுக்கு முன்னால் பொறிப் பொறியாய்ப் பறந்தது. சனிக்கிழமை வந்த வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மாமா, இதுவும் போயிடும் போலகீது. என்ன எங்கியாவது காட்டு."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பாவம், நல்ல மனுஷன்தான். திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் தசரதன் வண்டியைக் கட்டச் சொல்லி என்னைக் கரையான்சாவடிக்குக் கூட்டிப்போனார். அங்கே கிறிஸ்தவர்கள் நடத்திய சின்ன மருந்துச்சாலை ஒன்று இருந்தது. ஞானசௌந்தரி என்று ஒரு நர்ஸம்மா. வெள்ளைப் புடவை, சிடுசிடுத்த முகம், ஆனால் கை மெத்து மெத்தென்று இருக்கும்.

அவள் என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விழுந்த குழி எழுந்திருக்கவே இல்லை. ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டாள். "நல்லா ஓடுது" என்றாள். அப்புறம் என் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்துவரச் சொல்லி விளக்கில் காட்டிக் காய்ச்சினாள். அது பால் திரிகிற மாதிரி திரிந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. எனக்கோ அந்த நெடி தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கச் சுவரோரம் ஓடினேன்.

குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, முகம் கழுவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பி வருவதற்குள் நர்ஸம்மா எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொல்லி முடித்து, கை உடைந்த ஒருவனுக்குக் கட்டுப் போடப் போய்விட்டாள். வீட்டுக்காரர் கையில் ஏழு காகிதப் பொட்டலங்கள்.

"இன்னா சொன்னாங்க?"

"எல்லாம் சொன்னாங்க. நான் கேட்டுகினேன், நீ வா."

அங்கேயே நின்று, அம்மா, எனக்கு இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். தலைவலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது. வண்டியில் ஏறிப் படுத்துவிட்டேன். இன்று வரைக்கும் அந்த வண்டியில் ஏறிய காலை வெட்டிப் போடலாம் என்று தோன்றும்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று உப்பு.

"இந்த உப்ப சோத்துல போடக் கூடாதாம்மா. தண்ணியில கரைக்கணுமாம். தெனம் காலீல ஒண்ணு. இவ எழுந்திரிக்காம படுத்துகினே இருக்கணுமாம்" என்றார் தன் அம்மாவிடம்.

துலுக்கானத்துக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் புரியாது? கண் பட்டால் உப்பைக் கையில் மூடி ஆளைச் சுற்றித் தண்ணீரில் போடுவோம். உப்புக் கரைகிற மாதிரி கண்ணேறு கரையும். மாரியாத்தா கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுகிறதும் அதற்குத்தான். கிணற்றடியில் எத்தனை பேர் என் மினுமினுப்பைப் பார்த்து வயிறெரிந்தார்களோ!

"அதானே பாத்தேன்! கண்ணு பட்டுகீது. நர்ஸம்மா கண்டுபுடிச்சிட்டா பாரு" என்றாள்.

"அவங்க வேதக்காரங்க ஆச்சே அத்தே. திஷ்டி கழிக்கச் சொல்வாங்களா?"

"ஆரா இருந்தா இன்னாமே? கண்ணு படறது எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. நாலு பேர் கண்தான் காரணம், என் உடம்பு இல்லை என்று நம்புவது எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் துலுக்கானம் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு வருவாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கையில் மூடி, படுத்திருக்கிற என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் மூன்று சுற்றுச் சுற்றுவாள். "ஊருக் கண்ணு, ஒறவுக் கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு, எல்லாம் கரஞ்சி போவணும் ஆத்தா." பிறகு மழையென்றும் பாராமல் கோயில் குளத்துக்கு நடந்துபோய்க் கரைத்துவிட்டு வருவாள். வந்ததும் அடுப்பு மூட்டி எனக்குக் கருவாடு வறுப்பாள். மூட்டு வலிக்காரி, ஒரு நாளும் தவறவில்லை.

நான் படுத்தே கிடந்தேன். வீக்கம் முகத்துக்கு ஏறியது. மூக்கு எங்கே கன்னம் எங்கே என்று தெரியவில்லை. நெஞ்சுக்குழிக்குக் கீழே வலப்பக்கத்தில் யாரோ முழங்கையால் இடிக்கிற மாதிரி ஒரு வலி. சிறுநீர் நாளைக்கு ஒரு தடவை, கறுத்த டீத்தண்ணீர் மாதிரி. மாரியாத்தா, உனக்குக் கண் இருக்கிறதா இல்லையா என்று கூரையைப் பார்த்துத் திட்டினேன். அடுத்த நிமிஷம் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன். உனக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள், என் கண்ணை எடுத்துக்கொள், காலை எடுத்துக்கொள், உள்ளே இருப்பதைத் தொடாதே என்று கெஞ்சினேன்.

ஏழாவது பொட்டலமும் தீர்ந்த அன்று, திங்கட்கிழமை. வீட்டுக்காரர் இருட்டோடு ஆவடிக்குக் கிளம்பிப் போய்விட்டார். விடிந்தது. வயிற்றில் ஆட்டம் இல்லை.

தூங்குகிறது என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒருக்களித்துப் படுத்தேன். வெல்லத்தைக் கரைத்துக் குடித்தேன். விரலால் வயிற்றைத் தட்டினேன், கதவைத் தட்டுகிற மாதிரி. "எழுந்திருடா, எழுந்திரு கண்ணு, அம்மாவைப் பயமுறுத்தாதே." ஒன்றுமில்லை. கையை முஷ்டியாக்கி அழுத்தினேன். வெகு நேரம் கழித்து, உள்ளே எதுவோ மெல்லப் புரண்டது, தூக்கத்தில் புரள்கிற மாதிரி. அதற்கப்புறம் மறுபடியும் சத்தமில்லை. மூன்றாவதும் கடைசி நாளில் இப்படித்தான் புரண்டது. எனக்கு அந்தப் புரளல் தெரியும்.

நான் போட்ட கூச்சலில் துலுக்கானம் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். விளக்கை அருகில் கொண்டுவந்து என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் கண் அதற்குள் மங்கி, எனக்கு அவள் ஒரு நிழலாகத்தான் தெரிந்தாள்.

"அத்தே, வண்டி கட்டச் சொல்லு. இல்லாங்காட்டி நான் நடந்தே போறேன்."

கூவத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தசரதன் மாட்டை அடித்து இறக்கி அடித்து ஏற்றினான். வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே அது ஒரு உதையாவது விடாதா என்று பார்த்தேன். துலுக்கானமும் என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

ஞானசௌந்தரி என்னைப் பார்த்ததும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள். "இவ்ளோ மோசமா ஆயிருக்கே! குடுத்த உப்பைக் குடிச்சியா இல்லையா?"

"குடிக்கிறதா?" என்றேன்.

துலுக்கானம் முந்திக்கொண்டாள். "ஏழு பொட்டலமும் கரைச்சிட்டேம்மா. நீ சொன்ன மாதிரி தெனம் காலீல ஒண்ணு. ஒண்ணுகூட பாக்கி வெக்கல. ஆத்தா கொளத்துல."

"குளத்துலயா?"

"ஆமாம்மா. மூணு சுத்து சுத்தி."

நர்ஸம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அது பேதி உப்பும்மா. தண்ணியில கரைச்சு இவளைக் குடிக்கச் சொன்னேன். உடம்புல கோத்த நீர் இறங்கறதுக்கு. சோத்துல உப்பே சேர்க்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இவளுக்கு என்ன ஆக்கிப் போட்டீங்க?"

துலுக்கானத்தின் முகத்தை நான் பார்க்க முடியாமல் போனதற்கு அன்றைக்கு மாரியாத்தாளுக்கு நன்றி சொன்னேன். அவள் கையிலிருந்த பையில் அப்போதும் எனக்காகக் கட்டி எடுத்துவந்த கருவாட்டுச் சோறு இருந்தது.

நர்ஸம்மா மரக்குழலை வைத்தாள். ஒரு இடம். இன்னொரு இடம். மூச்சுவிடாமல் கேட்டாள். நானும் மூச்சுவிடவில்லை. எத்தனை யுகமோ தெரியாது. "இருக்கு" என்றாள். "மெதுவா இருக்கு. எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்." ரோட்டுக்கு ஓடி, போகிற பட்டாள லாரிக்கு நேராய்ப் போய் நின்று கையை நீட்டினாள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குப் பெட்ரோல் வாசனை ஞாபகமிருக்கிறது. பல் தானாகக் கிட்டித்துக்கொண்டதும், துலுக்கானம் என் வாய்க்குள் தன் முந்தானையைத் திணித்ததும் ஞாபகமிருக்கிறது. அதோடு சரி.

அப்புறம் விழிப்பு வந்தது, கண் வரவில்லை. திறந்துதான் இருந்தது, இருட்டாகத்தான் இருந்தது. வயிற்றைத் தடவினேன். காலிப் பையாய்த் தொங்கியது.

"மாமா!"

"இங்கதான் கீறேன், இங்கதான் கீறேன்." வீட்டுக்காரர் குரல் அழுது கரகரத்திருந்தது. "ரெண்டு நாளா நெனவில்லாம கெடந்தே. கண்ணு மூணு நாள்ல வந்துடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"கொழந்த?"

"நல்லா கீது."

குரல் வந்த பக்கம் கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்தேன். "யாரு சொன்னா? டாக்டரம்மா சொன்னதா, இல்ல நீ கேட்டுகினதா?"

அவர் அடிபட்ட மாதிரி மூச்சு வாங்குவது கேட்டது. அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு இரக்கப்பட நேரமில்லை. போகிற ஆயாவைக் கூப்பிட்டுக் கேட்டேன், "நல்லாருக்கும்மா, பேசாம படு" என்றாள். பக்கத்துக் கட்டில்காரியைக் கேட்டேன், அவளும் அதையே சொன்னாள். நல்லா கீது, நல்லா கீது. இந்தப் பாட்டை நான் ஏற்கெனவே கேட்டவள்.

"அத்தே எங்க?"

"இங்க கீறேன்" என்றாள் துலுக்கானம். கால்மாட்டிலேயே இருந்திருக்கிறாள், இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல்.

"அத்தே, நீ சொல்லு."

"பொண்ணு" என்றாள். "கையளவுதான் கீது. பஞ்சு சுத்தி, வெந்நீர் புட்டி வெச்சி, அந்தக் கோடி ரூம்ல வெச்சிகீறாங்க. வெளிய எடுக்கக் கூடாதாம்."

"கால் வீங்குனா ஆம்பளன்னு சொன்னே."

"நான் சொன்னதுல எதும்மா சரியா இருந்துது?" என்றாள். இந்த மாதிரி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"என்ன அங்க கூட்டிகினு போ."

"எழுந்திரிக்கவே கூடாதுன்னாங்க."

"தூக்கிகினு போய் பொதைச்சிட்டீங்களா? அதையாவது சொல்லு."

அவள் எழுந்து வந்து என் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் பிடிக்க வந்தார். "நீ ஆயா வருதான்னு பாரு" என்று அவரை அனுப்பினாள். நான் காலை ஊன்றினேன். அடிவயிறு கிழிந்துபோகிற மாதிரி இருந்தது. தொடையில் ரத்தம் வழிந்தது. ஒரு கை சுவரில், ஒரு கை அவள் தோளில். மூட்டு வலிக்காரி நொண்ட, நான் தள்ளாட, இரண்டு பேருமாய் நடந்தோம். எங்கெங்கோ குழந்தைகள் அழுதன. ஒவ்வொன்றுக்கும் நின்று காதைக் கொடுத்தேன். "இது இல்லமே, நட" என்றாள் அவள்.

ஒரு கதவு திறந்தது. காற்று வெதுவெதுப்பாக இருந்தது. இங்கே யாரும் அழவில்லை. துலுக்கானம் என் கையைப் பிடித்து எதற்குள்ளோ இறக்கினாள். பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு கால். பாதம் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

சூடாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே வெந்நீர் புட்டி இருக்கிறது, சூட்டை வைத்து எதை நம்புவது? நான் அந்தக் காலை விரலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை. தலை சுற்றியது. விழுந்தால் இதன் மேல்தான் விழுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். துலுக்கானத்தின் கை என் கைமேல் இருந்தது, அதுவும் அசையவில்லை.

உதைத்தது.

என் விரலை எட்டி, ஒரே உதை. இத்தனை மாதம் உள்ளேயிருந்து உதைத்த அதே உதை, வெடுக்கென்று, என் கோபத்தோடு. இன்னொன்றும் விட்டது.

"அத்தே" என்றேன், "உதைக்குது."

"ஆமாம்மா" என்றாள். "எனக்கும் தெரியுது."